போடி ரயிலின் கடைசி யார்டு: பழைய இரும்புக் கிடங்கை மாடலாகக் கட்டுவது எப்படி?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, சுருக்கித் திருத்தியது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோடுல கோடிங் இல்லை, இன்டர்வியூ டிப்ஸ் இல்லை. மாடல் ரயில்வே பத்திப் பேசப் போறோம். அதுலயும் ஒரு ஓரமான விஷயம்: ரயில்வே பழைய இரும்பு யார்டு. எஞ்சினும் வேகனும் கடைசியா வந்து நிக்குற இடம். கேஸ் கட்டிங் போட்டு அறுத்து, எடை போட்டு, லாரியில ஏத்தி அனுப்புற இடம். அதை ஒரு பலகை மேல சின்ன அளவுல எப்படிக் கட்டுறதுன்னு படிப்படியா சொல்றேன்.

இதைச் சொன்னதும் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "ஏன்டா, இவ்வளவு மெனக்கெடுறதுன்னு ஆயிடுச்சு, அழகா ஒரு ஸ்டேஷன் பண்ண வேண்டியதுதானே? எதுக்குக் காயலான் கடை?"

பதில் ரெண்டு. ஒண்ணு, இடமும் காசும். ஸ்டேஷன் பண்ணணும்னா பிளாட்ஃபாரம் நீளத்துக்கு முழு ரயில் நிக்கணும், வளைவுகள் பெருசா இருக்கணும், ஒரு ரூமே போயிடும். யார்டுக்கு நாலடி நீளப் பலகை போதும். எஞ்சின் மெதுவா ஊர்ந்தா போதும். பெட்டியில பாதி இல்லைன்னாலும் யாரும் குறை சொல்ல மாட்டாங்க, யார்டுல அப்படித்தான் இருக்கும்.

ரெண்டாவது காரணம் நம்ம மாவட்டம். தேனிக்காரனுக்கு ரயில்னா பாதி நினைவு ரயில் ஓடினது, மீதி நினைவு ரயில் இல்லாமப் போனது. அந்த ரெண்டாவது பாதியைக் காட்டணும்னா யார்டு மாதிரி பொருத்தமான இடம் வேற இல்லை.

ரெண்டு தடவை பெயர்த்த பாதை

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியா போடிநாயக்கனூர் வரைக்கும் சுமார் 90 கிலோமீட்டர். 1928-ல மீட்டர் கேஜ் பாதையா திறந்தாங்க. 1942-ல ரெண்டாம் உலகப் போர் நடந்துக்கிட்டு இருந்தப்போ போர்த் தேவைக்காக தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துட்டுப் போனாங்க. ஓடிக்கிட்டு இருந்த ஒரு பாதை அப்படியே இரும்பா மாறிப் போயிருச்சு. 1950-கள்லதான் திரும்பப் போட்டாங்க.

அப்புறம் 2010 கடைசியில, அகலப் பாதையா மாத்துறதுக்காக மறுபடி மூடினாங்க. மீட்டர் கேஜ் தண்டவாளம் ரெண்டாவது தடவையா பெயர்ந்து போச்சு. எனக்கு அப்போ ஸ்கூல் வயசு. தேனிக்கு ரயில் திரும்பி வந்தது 2022 மே 26. போடிக்கு வந்தது 2023 ஜூன் 15. நடுவுல ஒரு தலைமுறைப் பிள்ளைங்க ஊர்ல ஸ்டேஷன் இருந்தும் ரயிலைப் பாக்காமலே வளர்ந்துட்டாங்க. கம்பம், கூடலூர் பக்கம் கேக்கவே வேண்டாம், அங்க இன்னைக்கும் பாதை கிடையாது. திண்டுக்கல்லிலிருந்து லோயர் கேம்ப் வரைக்கும் ரயில் வேணும்னு ரொம்ப காலமா கேட்டுக்கிட்டே இருக்காங்க.

புது அகலப் பாதை நல்லாவே இருக்கு, அதுல எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனா அதுக்கு முன்னாடி ஓடின பொருள்கள், அந்த ஸ்லீப்பர், அந்தச் சாவி ஆணி, அந்த வேகன், எல்லாம் எப்படி இருந்துச்சு, எந்த வழியா போச்சுன்னு சொல்ற ஒரு இடம் நம்ம பள்ளத்தாக்குல இல்லை.

மலைக்கு மேல ஒரு சக்கரம்

நான் தொழிற்சாலை ரயில்னு சொன்னா நம்ம ஊர்ல அதுக்கு உதாரணம் எங்கன்னு கேப்பீங்க. கீழ இல்லை, மலைக்கு மேல இருந்துச்சு. குண்டளை வேலி ரயில்வே. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் தேயிலைப் பெட்டி கொண்டு வர்றதுக்காகப் போட்டது.

1902-ல முதல்ல வந்தது ஒத்தைத் தண்டவாள ரயில். யூயிங் முறைன்னு பேரு. ஒரே ஒரு தண்டவாளம், அதுமேல சின்னச் சக்கரங்கள். பக்கத்துல ஒரு பெரிய சக்கரம் ரோட்டுமேல உருண்டு வண்டி சாயாமப் பாத்துக்கும். இழுத்தது மாடு. 1908-ல அதை எடுத்துட்டு ரெண்டடி அகலத்துல குட்டி ரயில் போட்டாங்க, நீராவி எஞ்சின் வந்துச்சு. டாப் ஸ்டேஷன்லேருந்து ரோப்வேல தேயிலைப் பெட்டி கொட்டகுடிக்கு இறங்கும். அங்கேருந்து போடிக்கு வண்டியில. 1924 பெருவெள்ளத்துல, மலையாளக் கணக்குல 1099-ஆம் வருஷம் வந்ததால தொண்ணூத்தொம்பது வெள்ளம்னு சொல்வாங்களே, அதுல அந்த ரயில் பாதையே அடிச்சுட்டுப் போச்சு. திரும்பப் போடவே இல்லை.

இப்போ அதுல என்ன மிச்சம்? மூணாறு தேயிலை அருங்காட்சியகத்துல ஒரு எஞ்சின் சக்கரம் வெச்சிருக்காங்க. ஒரு முழு ரயில்வே, அதுல கையால தொட்டுப் பாக்குற மாதிரி இருக்கறது ஒரு சக்கரம்.

இதே யூயிங் முறை ரயில் பாட்டியாலாவிலும் ஓடுச்சு. 1907-ல ஆரம்பிச்சு 1927-ல நின்னு போச்சு. ஆனா அதோட எஞ்சினை இன்னைக்கும் டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்துல பாக்கலாம். எப்படி? 1962-ல மைக் சேட்டோவ்ங்கிற ரயில் ஆர்வலர் அதோட மிச்சத்தை பாட்டியாலாவுல பொதுப்பணித் துறையோட யார்டுல கண்டுபிடிச்சார். முப்பத்தஞ்சு வருஷம் யாரும் அறுக்காம, யாரும் விக்காம அப்படியே கிடந்திருக்கு. அமிர்தசரஸ் பட்டறையில சரி பண்ணி ஓட வெச்சாங்க.

வேல்ஸ்ல பேரின்னு ஒரு ஊர். அங்க வுட்ஹாம் சகோதரர்கள்னு ஒரு பழைய இரும்பு வியாபாரம். 297 நீராவி எஞ்சினை அறுக்கறதுக்காக வாங்கினாங்க. அதே நேரத்துல வேகன்களும் மலையா வந்து குவிஞ்சுது. வேகனை அறுக்கறது சுலபம். அதனால முதல்ல வேகன், எஞ்சின் அப்புறம்னு தள்ளிப் போட்டுக்கிட்டே போனாங்க. அந்தத் தாமதத்துல 213 எஞ்சின் தப்பிச்சுருச்சு. ஆர்வலர்கள் ஒண்ணொண்ணா காசு சேத்து வாங்கிட்டுப் போனாங்க. இன்னைக்கு பிரிட்டன்ல ஓடுற பாரம்பரிய நீராவி எஞ்சின்கள்ல நிறைய அங்கேருந்து வந்ததுதான்.

இதுலேருந்து நான் எடுத்துக்கிட்டது ஒண்ணு. யார்டுங்கிறது ஒரு பொருள் கடைசியா முழுசா இருக்கற இடம். அளவெடுக்கணும்னாலும், போட்டோ எடுக்கணும்னாலும், காப்பாத்தணும்னாலும் அதுதான் கடைசி வாய்ப்பு. அதனாலதான் இதை மாடல் பண்ணலாம்னு இறங்கினேன். பேரு வெச்சிருக்கறது 'போடி, 2011'. இப்படி ஒரு யார்டு நிஜத்துல போடியில இருந்துச்சுன்னு நான் சொல்லலை. பொருள்கள் நிஜம், இடம் கற்பனை.

முதல்ல கணக்கு: எந்த ஸ்கேல்?

மீட்டர் கேஜ்னா ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 1000 மில்லிமீட்டர். உலகத்துல பரவலா இருக்கற மாடல் அளவு எச்ஓ, அதாவது 1:87. ஆயிரத்தை 87-ஆல வகுத்தா 11.5 மி.மீ. கடையில கிடைக்கறது 12 மி.மீ. பாதை. வித்தியாசம் நாலரை சதவீதம்கூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது.

இன்னொரு வழி, என் ஸ்கேல் பாதை. அதோட அகலம் 9 மி.மீ. இந்தியாவுல இது கொஞ்சம் சுலபமா கிடைக்கும். அதை வெச்சு 1:110-ல எல்லாத்தையும் கட்டினா 990 மி.மீ., கிட்டத்தட்ட அச்சு மீட்டர் கேஜ். ஆனா அந்த ஸ்கேல்ல ஆள், லாரி, மரம் எதுவும் ரெடிமேடா கிடைக்காது, எல்லாத்தையும் நீங்களே 3டி பிரிண்ட் பண்ணணும். நான் எடுத்தது 1:87. ஏன்னா யார்டுல ரயிலைவிட ரயில் அல்லாத சாமான்தான் அதிகம்.

ஒய்டிஎம்4 டீசல் எஞ்சின் ஏறத்தாழ 15 மீட்டர், அது 17 சென்டிமீட்டர் ஆகும். மீட்டர் கேஜ் பயணிப் பெட்டி இருபது மீட்டருக்குச் சற்றுக் குறைவு, 22 செ.மீ. வரும். நாலு சக்கர வேகன் ஏழெட்டு செ.மீ.தான். இப்போ புரியும், ஏன் யார்டுக்கு வேகன் நல்லதுன்னு. 120 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் இருக்கற ஒரு பிளைவுட் பலகையில தாராளமா அடங்கும்.

ஓரமா குண்டளை ரயிலோட ஞாபகத்துக்கு ரெண்டடிப் பாதைத் துண்டு ஒண்ணு போட்டிருக்கேன். 610-ஐ 87-ஆல வகுத்தா 7 மி.மீ. இசட் ஸ்கேல் பாதை 6.5 மி.மீ. அது போதும், அதுமேல எதுவும் ஓடப் போறதில்லை.

யார்டு ஒரு குவியல் இல்லை, ஒரு வரிசை

இணையத்துல பாக்குற யார்டு மாடல்கள்ல பெரும்பாலும் நடக்குறது இதுதான்: கிடைச்ச சாமானையெல்லாம் கொட்டி, மேல செம்மண் கலர் அடிச்சு விட்டுருவாங்க. அது குப்பைமேடு மாதிரி இருக்கும், யார்டு மாதிரி இருக்காது. நிஜ யார்டுல பொருள் ஒரு பக்கம் உள்ள வந்து, இன்னொரு பக்கம் வேற உருவத்துல வெளிய போகும். நடுவுல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சாத்தான் எதை எங்க வைக்கணும்னு தெரியும்.

ரயில்வேயில ஒரு பெட்டியோட ஆயுள் முடிஞ்சா அதை 'கண்டம்' பண்ணிட்டாங்கம்பாங்க. அப்புறம் அது ஸ்டோர்ஸ் துறை கைக்குப் போகும். லாட் லாட்டா பிரிப்பாங்க. தண்டவாளம் ஒரு லாட், ஸ்லீப்பர் ஒரு லாட், பெட்டி ஒரு லாட். இப்போ இது மின் ஏலத்துல போகுது. எடுத்தவர் ஆள், சிலிண்டர், லாரி எல்லாம் கொண்டு வந்து அறுத்து எடுத்துட்டுப் போகணும். இருக்கற இடத்துல, இருக்கற நிலையில வாங்குறதுதான் ஏலம்.

அறுக்கற வரிசையை முடிவு பண்றது விலையும் உழைப்பும். முதல்ல போறது செம்பு ஒயர், பித்தளைச் சாமான், பேட்டரி. கையில பிரிக்கலாம், கிலோவுக்கு நல்ல விலை. அடுத்து இரும்பு இல்லாத சாமான்: சீட்டு ரெக்ஸின், பிளைவுட், கண்ணாடி. இது பெருசா விலை போகாது, ஓரமா குவியும். அப்புறம்தான் கேஸ் கட்டர் வரும். கூரைத் தகடு, பக்கத் தகடு, கடைசியா அடிச்சட்டம். அடிச்சட்டம் தடிமன், அதுக்கு நேரமும் கேஸும் அதிகம் பிடிக்கும். சக்கரமும் அச்சும் தனி, அது உருக்கு, எடை அதிகம், தனியா அடுக்கி வைப்பாங்க.

இதை அப்படியே பலகையில் கொண்டு வரலாம். இடது பக்கம் பாதை வழியா பெட்டி உள்ளே வருது. முதல் பெட்டி முழுசா இருக்கு, ஜன்னல் மட்டும் காலி. ரெண்டாவதுக்குக் கூரை இல்லை. மூணாவது வெறும் அடிச்சட்டம். பாக்கறவங்க இடமிருந்து வலமா கண்ணை ஓட்டினாலே ஒரே பெட்டி எப்படிக் கரையுதுன்னு புரிஞ்சுரும். வலது பக்கம் எடை மேடை, லாரி, கேட். பாதையை மூடினதுக்கு அப்புறம் நடக்கற கதைங்கிறதால வெளிய போறது எல்லாமே ரோட்டுலதான்.

பாரம் தூக்க என்ன வைக்கிறது? வெளிநாட்டு மாடல்கள்ல பெரிய காந்த கிரேன் இருக்கும். நம்ம ஊர் யார்டுன்னா ஹைட்ரா. மஞ்சக் கலர்ல மூக்கை நீட்டிக்கிட்டு நிக்குமே, அதேதான். அது ஒண்ணை வெச்சாலே மாடல் தமிழ்நாடு ஆயிடும்.

தகடும் தண்டவாளமும்

யார்டு மாடலுக்கும் மத்த மாடலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். மத்ததுல பெட்டியோட வெளிப்பக்கம் மட்டும்தான் தெரியும். இங்க அறுத்த ஓரம் தெரியும். அங்கதான் தடிமன் மாட்டிக்கும்.

பெட்டியோட பக்கத் தகடு 2 மி.மீ.ன்னு வெச்சுக்குவோம். 1:87-ல அது 0.023 மி.மீ. மாடல் செய்யறவங்க வழக்கமா பயன்படுத்துற அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டைத் திருப்பிப் பெருக்கினா நாலு சென்டிமீட்டருக்கு மேல தடிமன் வரும். அது ரயில் பெட்டி இல்லை, கோட்டை மதில். அறுத்த இடத்துல மட்டும் சமையலறை அலுமினியம் ஃபாயில் ஒட்டுங்க, அதோட தடிமன் கிட்டத்தட்ட சரியான அளவுலயே இருக்கு. கொஞ்சம் கெட்டியா வேணும்னா மாத்திரை அட்டையோட பின்பக்க ஃபாயில். நசுங்கின தகடு, சுருண்ட கூரை எல்லாம் ஃபாயில்லதான் இயல்பா வரும்.

தண்டவாளமும் அதே கதைதான். மீட்டர் கேஜ்ல இருந்த 60 பவுண்டு தண்டவாளத்தோட உயரம் 114 மி.மீ. நம்ம ஸ்கேல்ல 1.3 மி.மீ. மாடல் கடைப் பாதையில 'கோட் 100'ன்னு ஒண்ணு இருக்கும், 2.54 மி.மீ. உயரம். அதை 87-ஆல பெருக்கினா 221 மி.மீ., இன்னைக்கு இந்திய ரயில்வே போடுற கனமான தண்டவாளத்தைவிடவும் உயரம். கோட் 55 எடுத்தீங்கன்னா 1.4 மி.மீ., கச்சிதம். தண்டவாளக் குவியலுக்கு ஒரு துண்டு 12 மீட்டர், அதாவது 13.8 செ.மீ.; லாரியில ஏத்த அறுத்ததுன்னா அதுல பாதி.

அடுத்து ஸ்லீப்பர். இந்திய யார்டோட கையெழுத்துன்னு இதைச் சொல்லலாம். சிஎஸ்டி-9ன்னு ஒரு வார்ப்பிரும்பு ஸ்லீப்பர். தண்டவாளத்துக்கு அடியில ஆளுக்கொரு தட்டு, ரெண்டு தட்டையும் சேக்க நடுவுல ஒரு இரும்புப் பட்டை. மரமும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை. மீட்டர் கேஜ் பாதைகள்ல பரவலா இருந்துச்சு. பிரிச்சா தட்டு தனி, பட்டை தனி, சாவி ஆணி தனியா குவியும். ஐரோப்பிய மாடல் கிட் எதுலயும் இது கிடைக்காது. நான் ஓப்பன்ஸ்கேட்ல ஒரு தட்டுக்கு கோட் எழுதி, அளவை மாறியா வெச்சு, 200 தட்டை ரெசின் பிரிண்டர்ல எடுத்தேன். எழுதற வேலை ஒரு மாலை நேரம். ஒரு தடவை எழுதிட்டா எந்த ஸ்கேலுக்கும் மாத்திக்கலாம்.

அறுபட்ட பெட்டிக்குப் புது மாடல் வாங்கி வெட்டணும்னு அவசியம் இல்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாக் கடையில விக்கற பிளாஸ்டிக் ரயில் போதும். ஸ்கேல் அச்சா பொருந்தாது, ஆனா அடிச்சட்டமும் சக்கரமும் குவியலுக்கு அருமையா உதவும்.

துரு, மண், காத்து

துருன்னா ஆரஞ்சு கலர்னு நினைச்சுக்கறோம். புதுத் துருதான் ஆரஞ்சு. நாளாக நாளாக பழுப்பு, அப்புறம் கரும்பழுப்பு. நேத்து கேஸ் கட்டர் பட்ட ஓரத்துல துருவே இருக்காது, சாம்பல் நிறமும் சூட்டுல வந்த நீலச் சாயலும் இருக்கும். ஆக, துரு ஒரு காலண்டர். எந்தத் துண்டு எப்போ வந்துச்சுன்னு கலரை வெச்சே சொல்லணும். வலது பக்கக் குவியல் கருத்து இருக்கணும், கட்டர் நிக்குற இடம் வெளிறி இருக்கணும்.

உப்பு முறை சுலபம். முதல்ல பழுப்புக் கலர் அடிச்சு, காஞ்சதும் மேல வார்னிஷ். அதை லேசா நனைச்சு அங்கங்க கல்லுப்பைப் பொடிச்சுத் தூவுங்க. உப்பு காஞ்சு ஒட்டினதும் பெட்டியோட கலர், அதாவது நீலமோ காவிச் சிவப்போ, மேல அடிங்க. காஞ்சதும் ஈரப் பிரஷ்ஷால உப்பைத் தட்டி விட்டா பெயின்ட் உரிஞ்சு துரு எட்டிப் பாக்குற மாதிரி வரும். நிஜத் துரு வேணும்னா பாத்திரம் தேய்க்கற இரும்பு நாரை வினிகர்ல ரெண்டு நாள் ஊறப் போட்டு, காய வெச்சுப் பொடியா எடுத்துக்கலாம்.

தரைக்கு நம்ம செம்மண்ணே போதும். வெயில்ல காயப் போட்டு, டீ வடிகட்டியில சலிச்சு, தண்ணி கலந்த ஃபெவிகால்ல ஒரு சொட்டு பாத்திர லிக்விட் விட்டு ஒட்டுங்க. இதுல ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீங்க. ஒட்டுறதுக்கு முன்னாடி மண்ணுக்குள்ள ஒரு காந்தத்தை ஓட்டி எடுங்க. இரும்புத் தூள் இருக்கும். அது எஞ்சின் மோட்டார்ல இருக்கற காந்தத்துல போய் ஒட்டினா மோட்டார் முடிஞ்சுது. நிஜத் துருப்பொடியும் அப்படித்தான், எஞ்சின் ஓடுற பாதைப் பக்கம் போடவே வேண்டாம், அங்க பெயின்ட் துருதான் நல்லது.

அப்புறம் காத்து. ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காத்தாலை நிக்கற மாவட்டம் இது. ஆனி ஆடியில மேற்குக் காத்து எப்படி அடிக்கும்னு நம்ம ஆளுங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆகவே பலகையில ஒரு திசையை மேற்குன்னு வெச்சுக்கிட்டு, தூசி, காஞ்ச சருகு, பிளாஸ்டிக் பை எல்லாம் குவியல்களோட ஒரே பக்கமா ஒதுங்கி இருக்கற மாதிரி பண்ணுங்க. வேலி ஓரம் எருக்கு, சீமைக்கருவேல். தேங்காய் நார் காஞ்ச புல்லுக்கு ஆகும்.

குட்டி எஞ்சினும் ஒரு புதிரும்

ஒய்டிஎம்4-ஐ அறுபடக் காத்திருக்கற எஞ்சினா ஓரமா நிப்பாட்டலாம். ஓடுறதுக்கு சர்க்கரை ஆலை, சிமென்ட் ஆலைகள்ல இருக்கற மாதிரி நாலு சக்கர டீசல் ஷன்டர் வையுங்க. சக்கரத்துக்கு நடுவுல தூரம் கம்மி, நெருக்கமான வளைவுலயும் போகும்.

இதை வெச்சு விளையாட ஒரு அருமையான புதிர் இருக்கு. பிரிட்டன்ல ஆலன் ரைட்ங்கிறவர் உருவாக்கின இங்கில்நூக். மூணு கிளைப் பாதை. ஒண்ணுல 5 வேகன் பிடிக்கும், மத்த ரெண்டுல மூணு மூணு. மொத்தம் 8 வேகன். அதுல குலுக்கல்ல 5 எடுத்து, குலுக்கின வரிசையிலேயே கோத்து நிறுத்தணும். எஞ்சின் முன்னாடி பின்னாடி போக இருக்கற இடமும் மூணு வேகன் நீளம்தான். எத்தனை விதமா கேள்வி வரும்? 8 × 7 × 6 × 5 × 4, மொத்தம் 6720.

சிஎஸ் படிச்சவங்களுக்கு இது உடனே பிடிபடும். ஒவ்வொரு கிளைப் பாதையும் ஒரு ஸ்டாக், கடைசியா போனதுதான் முதல்ல வெளிய வரும். டைக்ஸ்ட்ரா தன்னோட பிரபலமான அல்காரிதத்துக்கு 'ஷன்டிங் யார்ட்'னு பேரு வந்ததும் இந்த மாதிரி ரயில் யார்டை வெச்சுத்தான். யார்டு மாடலுக்கு ஏத்த மாதிரி நான் விதியை மாத்தியிருக்கேன்: அறுக்கற வரிசைப்படிதான் வேகன் கட்டர் முன்னாடி வரணும்.

யாரைக் கேக்கறது?

நேர்ல பாக்கணும்னா ரெண்டு இடம். திருச்சி ரயில் பாரம்பரிய மையம். அப்புறம் ஊட்டி மலை ரயில். தமிழ்நாட்டுல இன்னும் மீட்டர் கேஜா ஓடுறது அதுதான், குன்னூருக்கு மேல ஒய்டிஎம்4 இழுக்கறதையும் பாக்கலாம். அனுமதி இல்லாம ரயில்வே யார்டுக்குள்ள நுழையறது சட்டப்படி குற்றம், அதைச் செய்யாதீங்க.

ஆனா புத்தகத்துலயும் மியூசியத்துலயும் கிடைக்காதது ஒண்ணு இருக்கு. எங்க தெருவுல மீட்டர் கேஜ் காலத்துல கீமேனா வேலை பாத்த பெரியவர் ஒருத்தர் இருக்கார். கீமேன்னா தினமும் தன் எல்லைக்கு உட்பட்ட பாதையை நடந்தே பாத்து, தளர்ந்த சாவி ஆணியைச் சுத்தியலால அடிச்சு இறுக்கறவர். பலகையில மண்ணு ஒட்டுறதுக்கு முன்னாடி அவர்கிட்ட வரைபடத்தைக் காட்டிக் கேட்டேன். அவர் சொன்னது: "ஸ்லீப்பர் குவியல்ல சாவியைக் கோத்து வைக்காத தம்பி. சாவியெல்லாம் தட்டி எடுத்து, சாக்குல எண்ணிப் போட்டுத்தான் கணக்குல ஏத்துவோம். சாவியோட கிடந்தா அது கழட்டின பாதை இல்லை, களவுபோன பாதை."

இப்போ என் யார்டுல ஸ்லீப்பர் குவியல் பக்கத்துல பத்து சாக்கு மூட்டை இருக்கு. ஒவ்வொண்ணும் அஞ்சு மில்லிமீட்டர்கூட இருக்காது. பாக்கறவங்க கேட்டா இந்தக் கதையைச் சொல்லுவேன். அவர் வயசுல இருக்கறவங்க நம்ம ஊர்ல இன்னும் எத்தனை பேர் இருக்காங்க? மீட்டர் கேஜ் பாதையில கடைசியா வேலை பாத்தவங்களுக்கே இப்போ வயசாயிருச்சு. தண்டவாளம் ரெண்டு தடவை போயிருச்சு, அதைப் பத்தித் தெரிஞ்சவங்களும் கேக்க ஆள் இல்லாமப் போயிடக் கூடாது.

அதனால மாடல் பண்ணாட்டியும் பரவாயில்லை, இதை மட்டும் பண்ணுங்க. உங்க ஊர்ல பழைய தண்டவாளத்துண்டு வேலிக் கம்பமாவோ வீட்டு உத்தரமாவோ நிக்குதா? பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு போட்டோ எடுங்க. உயரம், அகலம், மேல ஏதாவது எழுத்தோ வருஷமோ பொறிச்சிருந்தா அது, எந்த இடம், எந்தத் தேதின்னு எழுதி வையுங்க. வீட்டுல ரயில்வேல இருந்த பெரியவங்க இருந்தா ஃபோன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணி, "நீங்க தினமும் என்ன வேலை பாத்தீங்க"ன்னு மட்டும் கேளுங்க. மீதியை அவங்களே சொல்லுவாங்க.

ஸ்லீப்பர் தட்டோட ஓப்பன்ஸ்கேட் ஃபைலை இலவசமா போட்டிருக்கேன், எடுத்துக்கோங்க, திருத்திக்கோங்க. அடுத்த எபிசோடுல பழையபடி கோடிங்குக்குத் திரும்பிடுவோம்.